கரும்பலகையில் எழுதிய முகவரி

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம். மானாமதுரையில் என் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் என்று எப்போதும் நாலு பேர் நிற்கும் இடம். பக்கத்துக் கிராமத்து நடுநிலைப் பள்ளி டீச்சர் போன் செய்தார்.

"சார், உங்க தளத்துல பழைய வினாத்தாள் இருக்குன்னு எட்டாம் வகுப்புக்கு போர்டுல முகவரி எழுதிப் போட்டேன். ஒரு பிள்ளை வீட்டுலயும் திறக்கலையாம். பக்கம் இல்லைன்னு வருதாம். எடுத்துட்டீங்களா?"

எடுக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பு வந்தது, தேர்வுகள் பக்கம் வந்தது, வினாத்தாள்களும் வரிசையாக இருந்தன. "இருக்கே டீச்சர், இப்பத்தான் பார்த்தேன்" என்றேன். "அப்ப நான் எழுதினது தப்பா?" என்று கேட்டு, முகவரியை எழுத்து எழுத்தாக வாசித்தார். ஒரு புள்ளி தவறவில்லை. ஆறு மாதம் முன்புவரை அதுதான் எங்கள் முகவரி.

அவர் சொன்னது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. கூலிக்குப் போகும் வீட்டில் அந்தத் தொகை ஒரு பெண் பிள்ளையைப் படிப்பில் நிறுத்திவைக்கும். அதற்கான பழைய வினாத்தாள்களைத் தேடி எடுத்து, தெளிவாக ஸ்கேன் செய்து போட்டது எங்கள் வாசகர் வட்டம். பல வருட உழைப்பு அது. பிள்ளைகள் வாசல்வரை வந்தார்கள், கதவு இல்லை.

அன்று இரவே கோப்புகளை டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. இவர் என்னைத் தெரிந்தவர், அதனால் கேட்டார். தெரியாதவர்கள் எத்தனை பேர் அந்த ஆறு மாதத்தில் வந்து, 'பக்கம் இல்லை' என்று பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருப்பார்கள்?

நடந்தது இதுதான். 2007இல் நாலு பேர் சேர்ந்து தளத்தைத் தொடங்கியபோது பக்கங்களை நானே கடைக் கணினியில் ஒவ்வொன்றாக எச்டிஎம்எல்லில் அடித்தேன். வட்டார வரலாறு, இணையத்தில் கிடைக்கும் தமிழ் நூல்களின் பட்டியல், தேர்வுப் பகுதி என்று அது வளர்ந்துகொண்டே போனது. பிறகு பேனாவைத் தொட்டவர் எல்லாம் எழுதும்படி வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளுக்கு மாற்றினோம். ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து எல்லா எழுத்தையும் படத்தையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோனோம். முகவரிகளை மட்டும் விட்டுவிட்டோம். பஜாரில் ஒரு கடை இடம் மாறினால், பழைய ஷட்டரில் 'கடை எதிர் வரிசைக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று அம்புக்குறி போட்டு ஒரு அட்டை தொங்கும். அந்த அட்டையைத்தான் நாங்கள் தொங்கவிடவில்லை.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தளத்தில் இருந்த ஒவ்வொரு லிங்க்கையும் கையால் அமுக்கிப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு இரவில் நூற்றைம்பதுதான் முடிந்தது. அதிலும் பாதி நம்ப முடியாதது, ஏனென்றால் பிரவுசர் தான் முன்பே சேமித்து வைத்திருந்த பக்கத்தைக் காட்டி என்னை ஏமாற்றியது. கையால் பார்ப்பதானால் ரகசிய விண்டோவில் திறந்து பாருங்கள். போனில் கடை வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவிலும் ஒருமுறை பாருங்கள்.

பிறகுதான் இணைப்புகளைச் சோதிக்கும் கருவிக்குப் போனேன். கடையின் பழைய விண்டோஸ் கணினிக்கு ஜீனு லிங்க் ஸ்லூத் போதுமாக இருந்தது. சிறியது, இலவசம். ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருளில் 500 முகவரிவரை காசில்லாமல் பார்க்கலாம், சின்னத் தளத்துக்கு அது தாராளம். இரண்டும் செய்வது ஒரே வேலை. முகப்பைத் திறந்து அதிலுள்ள இணைப்புகளை எல்லாம் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு முகவரியையும், பக்கங்களை வைத்திருக்கும் அந்தந்த சர்வரிடம் 'இருக்கிறதா' என்று கேட்கும். வந்த பதில் எண்ணை எழுதிவைத்து, நம் பக்கமாக இருந்தால் அதற்குள்ளும் போகும். 200 என்றால் இருக்கிறது. 404 என்றால் அந்த முகவரியில் ஒன்றும் இல்லை. 410 என்றால் இருந்தது, வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, இதோ புது இடம். 302 தற்காலிகமாக இடம் மாறியது. 500, 503 போன்றவை அந்த சர்வருக்கே உடம்பு சரியில்லை என்பது. பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் தளத்தின் பெயரான டொமைனே காலாவதியாகியிருக்கலாம்.

இதே வேலையைச் செய்யும் ப்ளகின் (துணை மென்பொருள்) ஒன்றை வேர்ட்பிரஸுக்குள் போட்டுப் பார்த்தோம். அது இராப்பகலாக ஓடிக்கொண்டே இருந்ததில் பலரோடு பகிர்ந்துகொள்ளும் எங்கள் மலிவு ஹோஸ்டிங் (தளத்துக்கான வாடகை இடம்) திணறியது. கடைக் கணினியிலிருந்து மாதம் ஒருமுறை ஓட்டுவதே நல்லது என்று அதை எடுத்துவிட்டேன்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. வெளி இணைப்புகளை மட்டும் வேறு ஒரு இலவச ஆன்லைன் கருவியில் கொடுத்தேன். அது சிவப்பாகக் காட்டியதை எல்லாம் ஒரே மூச்சில் நீக்கினேன். ஒரு வாரம் கழித்து வாசகர் வட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, அந்தச் சான்றிதழ் படிவம் லிங்க் இருந்துச்சே, எங்க போச்சு?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால் அந்தப் பக்கம் என் போனில் நன்றாகத் திறந்தது. சில அரசுத் தளங்கள் இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் கேள்விக்குப் பதில் தருவதில்லை. அந்தக் கருவியோ வெளிநாட்டு சர்வரிலிருந்து கேட்கிறது. இன்னும் சில தளங்கள் கருவி என்று தெரிந்ததும் 403 என்று கதவைச் சாத்தும். வேகமாகக் கேட்டால் 429, அதாவது 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும். இவை எதுவும் உடைந்த இணைப்பு அல்ல. உயிரோடிருந்த பதினைந்து இணைப்புகளை நான் எடுத்திருந்தேன். காப்பு நகல் இருந்ததால் திரும்பக் கிடைத்தன. அதிலிருந்து சிவப்பு விழுந்தாலும் இரண்டு நாள் விட்டு இன்னொருமுறை கேட்பது, பிறகு ஒரு மனிதர் கண்ணால் பார்ப்பது, அதன் பிறகே கை வைப்பது என்று வைத்துக்கொண்டோம். கருவியின் வேகத்தையும் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி என்று குறைத்தேன்.

எங்கள் தளத்துக்குள்ளேயே உடைந்தவைதான் அதிகம். படங்கள் சுலபம். விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது, லினக்ஸ் சர்வரில் உண்டு. பின்னொட்டு பெரிய எழுத்தில் இருந்த படங்களை எல்லாம் சின்ன எழுத்துக்கு மாற்றியதும் அந்தக் கூட்டம் தீர்ந்தது.

தீராத ஒரு கூட்டம் இருந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் தளம் வைத்திருக்கும் யாருக்கும் இது வரலாம்.

தமிழ்ப் பெயர் வைத்த பிடிஎஃப் கோப்புகளில் சில திறந்தன, சில 404. கணிதம் திறந்தது, அறிவியல் திறந்தது, கண்மாய் திறந்தது. பொதுஅறிவு திறக்கவில்லை, தொகுப்பு திறக்கவில்லை, கோயில் கல்வெட்டுகள் திறக்கவில்லை. சர்வருக்குள் போய்ப் பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கிறது. இணைப்பில் இருக்கும் பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. நாலு நாள் மண்டையைக் குடைந்தது. ஐந்தாம் நாள் திறக்காத பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. திறக்காத எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய உயிர்மெய் இருந்தது. பொ, தொ, கோ.

இரண்டு பெயர்களையும் எக்செல்லில் ஒட்டி நீளத்தை எண்ணச் சொன்னேன். இணைப்பில் இருந்த 'பொது' நான்கு குறி. கோப்பில் இருந்த 'பொது' ஐந்து குறி! எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் 'பொ' என்பதை ப-வும் ஒரே ஒகரக் குறியுமாக எழுதலாம். ப, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது, திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். சர்வர் அப்படிப் பார்ப்பதில்லை. பைட்டுக்கு பைட் ஒத்துப்போனால்தான் அதற்கு ஒரே பெயர். அந்தக் கோப்புகளை ஸ்கேன் செய்து தந்த கல்லூரித் தம்பி பழைய மேக் கணினி வைத்திருந்தார். 2017இல் புதிய கோப்பு முறை வருவதற்கு முன் மேக் கணினிகள் கோப்பின் பெயரை இப்படிப் பிரித்துத்தான் சேமித்தன. நாங்கள் கீபோர்டில் அடித்த இணைப்பு சேர்ந்த வடிவம், அவர் அனுப்பிய ஜிப்பில் இருந்த பெயர் பிரிந்த வடிவம். ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

காரணம் தெரிந்த பிறகு வேலை அரை மணி நேரம்தான். கோப்புகளுக்கு எல்லாம் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சின்னப் பெயர் வைத்து, பக்கத்தில் காட்டும் தலைப்பை மட்டும் தமிழில் விட்டோம்.

முகவரியிலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டியிருந்தது, மனசு ஒப்பவில்லை என்றாலும். தமிழ்த் தளத்துக்கு முகவரியும் தமிழில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவன் நான். புதிய தளத்தில் வேர்ட்பிரஸ் தலைப்பையே முகவரியாக்கியபோது பெருமையாக இருந்தது. ஆனால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் கணினிக்குள் மூன்று பைட். முகவரியாகப் பயணம் செய்யும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாகிறது. அதாவது ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறி, முகவரியில் அது 45 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. இருபத்திரண்டு குறியோடு தமிழ்த் தலைப்பு வெட்டுப்படும்.

எங்கள் தலைப்பு 'தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு' என்று தொடங்கி, கடைசியில் ஆண்டைச் சொல்லும். எண்ணிப் பாருங்கள். 'தேசிய-வருவாய்வழி-மற்றும்' என்ற இடத்தில் சரியாக 200 முடிகிறது. ஆண்டு முகவரிக்குள் வரவே இல்லை. எல்லா வருட வினாத்தாளுக்கும் ஒரே பெயர் ஆகிவிட்டதால் வேர்ட்பிரஸ் கடைசியில் 2, 3, 4 என்று எண் போட்டது. எண்ணுக்கு இடம் வேண்டுமே என்று 'மற்றும்' என்பதன் கடைசிப் புள்ளியையும் எடுத்துவிட்டது. 'மற்றும-2' என்று ஒரு முகவரியைப் பார்த்து நான் யாரோ எழுத்துப் பிழை செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இதில் 404கூட வராத ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒருமுறை பதிவுகளை ஏற்றுமதி செய்து வேறு வரிசையில் திரும்ப ஏற்றியபோது 2 இருந்த இடத்துக்கு 3 வந்தது. பழைய இணைப்பு திறக்கும், வேறு வருடத்துத் தாளைக் காட்டும். எந்தக் கருவியும் இதைச் சொல்லாது. பிள்ளைகள் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தும்போது எல்லாம் தப்பாக வருகிறது என்று சொன்ன பிறகே தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் அந்த முகவரியை ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாக அரைத் திரைக்கு நீளும். கரும்பலகையில் எழுதவே முடியாது. ஒரு டீச்சர் சாக்பீஸால் எழுதி, பிள்ளை நோட்டில் பார்த்து எழுதி, வீட்டுக்குப் போய் அம்மா போனில் அடித்தால் திறக்க வேண்டும். முகவரிக்கு நான் வைக்கும் பரீட்சை இப்போது இதுதான். தேர்வின் ஆங்கிலச் சுருக்கப் பெயர், ஆண்டு, அவ்வளவுதான் இன்றைய முகவரி. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதைச் சொல்லிவிட்டார். நல்ல முகவரி மாறாது, அதனால் மாறக்கூடிய எதையும் (எழுதியவர் பெயர், பொருள் வகை, மென்பொருளைக் காட்டும் வால்) அதற்குள் வைக்காதே என்றார். என் பழைய முகவரிகளில் அந்த வால் இருந்தது. நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண், திருக்குறளுக்கு 1. இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்க்கும் நூலகம் திட்டத்திலும் அப்படியே நூலக எண். எண் எதையும் விளக்குவதில்லை, அதனாலேயே மாறத் தேவையும் வருவதில்லை.

உள் வேலை முடிந்த அன்று கருவி ஒரு சிவப்புகூட இல்லாமல் ஓடி முடித்தது. ஆனாலும் டீச்சர் எழுதிய முகவரி இன்னும் திறக்கவில்லை!

காரணம், அந்த இணைப்பு எங்கள் தளத்தில் இல்லை. அது கரும்பலகையில் இருந்தது. வாட்ஸ்அப் குழுக்களில் இருந்தது. நூலக அறிவிப்புப் பலகையில் நாங்களே ஒட்டிய தாளில் இருந்தது. கருவி நம் பக்கங்களில் இருப்பதைத்தான் பார்க்கும், உலகம் நம்மை எந்தப் பெயரில் கூப்பிடுகிறது என்பதைப் பார்க்காது. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி இருந்தது. ஒன்று, சர்வர் எழுதிவைக்கும் வருகைப் பதிவு. யார் எந்த முகவரியைக் கேட்டார்கள், என்ன பதில் கொடுத்தோம் என்று வரிவரியாக இருக்கும். ஹோஸ்டிங் கணக்கில் எடுக்கலாம், பெரும்பாலானவர்கள் திறந்தே பார்ப்பதில்லை. இன்னொன்று கூகுள் சர்ச் கன்சோல். தான் தேடிப் போய்க் கிடைக்காத பக்கங்களை அதில் கூகுளே பட்டியல் போட்டுத் தருகிறது.

வருகைப் பதிவில் 404 வாங்கியவற்றை மட்டும் பிரித்தபோது முதலில் மலைப்பாக இருந்தது. ஆயிரக்கணக்கான வரிகள். பெரும்பகுதி திருட்டுக் கருவிகள் ஓட்டை தேடி, எங்களிடம் இல்லாத பக்கங்களைத் தட்டிப் பார்த்தவை. அவற்றைக் கழித்தால் மிஞ்சியவை மனிதர்கள். ஒவ்வொரு வரியும் ஒருவர் வந்து திரும்பிப் போன தடம். அதே எட்டாம் வகுப்பு வினாத்தாள் முகவரி ஒரு நாளில் பதினோரு முறை, இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள். நான் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதே பதிவில் விசித்திரமான முகவரிகளும் இருந்தன. சரியான முகவரி, அதன் வாலில் 'இல்'. இன்னொன்றின் வாலில் 'ஐப்'. நம் மொழி வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டும். முகவரியை எழுதி, இடைவெளி விடாமல் 'இல் பார்க்கவும்' என்று சேர்த்து அனுப்புகிறோம். போன் அந்த உருபையும் முகவரி என்று எடுத்துக்கொள்கிறது. முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி ஒட்டிப் போனவையும் உண்டு. அறிவிப்பு எழுதும்போது முகவரியைத் தனி வரியில் விட்டுவிடுங்கள், முன்னும் பின்னும் எதுவும் வேண்டாம். நாங்கள் பழைய அறிவிப்புகளைத் திரும்பப் பெற முடியாது. எனவே இப்படி வால் ஒட்டி வந்தால் வெட்டிவிட்டுச் சரியான பக்கத்துக்கு அனுப்பும்படி ஒரு விதி எழுதினோம்.

பிறகு அம்புக்குறி அட்டைகள். எக்செல் தாளில் இரண்டு பத்தி: இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதே பொருள் இன்று இருக்கும் முகவரி. முந்நூற்றுச் சொச்சம் வரிகள், மூன்று பேர், நான்கு ஞாயிறு. அதை அப்படியே ப்ளகின் ஒன்றில் ஏற்றினோம், எல்லாம் 301. தெரிந்த ஒருவர் "இவ்வளவு எதுக்குண்ணே, 404 வந்தா எல்லாத்தையும் முகப்புக்கு அனுப்பிட்டா முடிஞ்சது" என்றார். ஒரு வரியில் முடியும் வேலைதான். செய்யவில்லை. மருந்துச் சீட்டோடு வந்தவரை மருந்துக் கடைக்கு அனுப்பாமல் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவது போன்றது அது. வந்தவருக்குத் தான் கேட்டது எங்கே என்று தெரியாது, நமக்கும் எது உடைந்தது என்று பிறகு தெரியவே தெரியாது. கூகுளும் அப்படிப்பட்டவற்றைப் பெரும்பாலும் இல்லாத பக்கமாகவே கணக்கில் எடுக்கிறது. ஈடான பக்கம் உண்மையிலேயே இல்லாதபோது 410 கொடுத்தோம். ஒரு அட்டை இன்னொரு அட்டையைக் காட்டி, அது மூன்றாவதைக் காட்டும் சங்கிலியும் இருந்தது. எல்லாவற்றையும் நேராகக் கடைசி இடத்துக்கே திருப்பினோம்.

எப்படியும் சில 404 வரும். அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் வெறுமனே விட்டிருந்தோம். இப்போது அதில், 'நீங்கள் தேடி வந்த பக்கம் இந்த முகவரியில் இல்லை. தவறு எங்களுடையதாக இருக்கலாம். எந்தப் பாடம், எந்த வருடம் என்று கீழே உள்ள எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று இருக்கிறது. கூடவே தேடல் பெட்டி, எல்லா வினாத்தாளுக்கும் ஒரே பட்டியல். அந்த எண்ணுக்கு இதுவரை முப்பது பேருக்கு மேல் அனுப்பியிருப்பார்கள். பாதிப் பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள்.

க்யூஆர் குறிபற்றி ஒரு வார்த்தை. நூலகச் சுவரில் ஒட்டிய குறி ஒன்று திடீரென்று விளம்பரப் பக்கம் காட்டியது. இலவசமாகக் குறி செய்து தந்த சேவை, தன் முகவரியை இடையில் வைத்து, இலவசக் காலம் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டது. குறி செய்தவுடன் போனில் காட்டி, உள்ளே இருப்பது நம் சொந்த டொமைனின் முகவரிதானா என்று பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

வெளி இணைப்புகள் தனி துக்கம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்து வருடத்தில் காணாமல் போயிருக்கின்றன. எங்கள் தமிழ் நூல் பட்டியலில் நிலைமை அதைவிட மோசம். 2009இல் மூடப்பட்ட ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையின் முகவரிகள், 2020இல் மறைந்த யாகூ குழுமங்கள், ஆள் ஊர் மாறியதும் நின்றுபோன தனிமனிதர் பக்கங்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது பச்சை விளக்கு எரியும் இணைப்புதான். ஒரு சிற்றிதழின் டொமைனை யாரும் புதுப்பிக்கவில்லை. வேறு யாரோ வாங்கி ஆன்லைன் ரம்மி விளம்பரம் போட்டுவிட்டார்கள். கருவி 200 என்று சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரும் தளத்திலிருந்து நேராகச் சூதாட்டத்துக்கு வழி! இதற்கு மனிதக் கண் தவிர வேறு மருந்து இல்லை. நாலு கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கு அறுபது இணைப்பு எடுத்து வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறார்கள்.

போனவற்றைத் தேடும்போது முதலில் பக்கத்தின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவோம், பாதி இடம் மாறியவையாக இருக்கும். அடுத்து, பழைய வலைப்பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின். புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், 2001இல் பொதுமக்களுக்குத் திறந்த சேவை. பழைய முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தத் தேதியில் நகல் எடுத்தார்கள் என்று காலண்டரில் காட்டும். டொமைனுக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அந்தத் தளத்தில் சேமித்த எல்லா முகவரிகளும் பட்டியலாக வரும். கடைசித் தேதியை எடுக்காதீர்கள், அது ரம்மி விளம்பரமாக இருக்கலாம். பக்கம் நல்ல நிலையில் இருந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். இப்போதெல்லாம் வெளி இணைப்பு ஒன்றைச் சேர்க்கும் அன்றே அதை வேபேக்கில் சேமிக்கச் சொல்லிவிடுகிறோம். இணைப்போடு தலைப்பு, எழுதியவர், பார்த்த தேதியையும் எழுதிவைக்கிறோம். 'இங்கே சொடுக்கவும்' என்று மட்டும் எழுதிய இணைப்பு செத்தால் அது எதைக் காட்டியது என்றே தெரியாமல் போய்விடும். அப்படி நாங்கள் இழந்தவை இருபதுக்கு மேல்.

எதிலும் கிடைக்காதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்காமல், இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு, 'இந்தப் பக்கம் இப்போது கிடைக்கவில்லை, நகல் வைத்திருப்பவர் தந்து உதவலாம்' என்று எழுதினோம். அதில் ஒன்று வைகைக் கரையோரக் கண்மாய்களின் பெயர்ப் பட்டியல், எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த யாரோ வெளிநாட்டிலிருந்து ஜியோசிட்டீஸில் போட்டது. வேபேக்கில் எங்களிடம் இருந்த முகவரியைக் கொடுத்தால் ஒன்றும் இல்லை என்று வந்தது.

போன வருடம் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மஞ்சள் பையோடு கடைக்கு வந்தார். "தம்பி, நீங்க கேட்டிருந்தது இதுவான்னு பாருங்க" என்று நாலு தாளை எடுத்து வைத்தார். 2006இல் இதே கடையில் எடுத்த பிரிண்ட் அவுட். பக்கத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கியதுகூட அவருக்கு நினைவிருந்தது. தாளின் அடியில் அந்தக் கால இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வழக்கமாக அச்சிடும் முகவரியும் தேதியும் இருந்தன. எங்கள் பட்டியலோடு ஒப்பிட்டேன். 2007இல் நான் கையால் அடித்தபோது பயனர் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தேன். அந்த இணைப்பு எங்கள் தளத்தில் முதல் நாளிலிருந்தே உடைந்துதான் இருந்திருக்கிறது.

அந்த எழுத்தைச் சேர்த்து வேபேக்கில் கொடுத்தேன். பக்கம் வந்தது, முழுக்க கொம்பும் சுழியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பயன்பட்ட திஸ்கி குறியீட்டு முறை. யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டியதும் கண்மாய்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பெரியவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தன் கையிலிருந்த தாளில் விரல் வைத்து, வரிக்கு வரி சரிபார்த்துக்கொண்டே வந்தார். பதினேழாவது பெயரில் நிறுத்தி, "இது இப்ப இல்லை தம்பி, பிளாட் போட்டுட்டாங்க. பெயர் இருக்கட்டும்" என்றார்.